அடுப்புக்கு ஒரு வாய்

செர்னாதா
1771 ஜனவரி 20

அன்புத் தங்கை பிரிட்டெஸுக்கு,

உன் அண்ணன் பெல்ஷியோர் எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைத்தது இல்லை, நானே எழுதுவது. இந்தக் கோணல் எழுத்து எல்லாம் என் கை போட்டவை. ஓரத்தில் இருக்கும் மைக்கறையும் என்னுடையதுதான்.

நானும் ஜெனோவேவாவும் சுகம். என் முழங்கால் மட்டும் பனியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. மகள் லூசியாவின் பிரசவத்துக்கு என்று மலையிறங்கிப் போனவள், போர்ட்டோவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பிள்ளை பிறந்துவிட்டதா? இன்று செபஸ்தியார் திருநாள். உன் மருமகனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

பாதிரியார் பென்ட்டோவுக்கு நான் விறகு பிளந்து கொடுக்கிறேன். கூலியாக அவர் எனக்கு எழுத்து கொடுக்கிறார். இந்த வயதில் எதற்கு என்று ஊரே கேட்கிறது. காரணம் இருக்கிறது, இன்னொரு நாள் சொல்கிறேன். ஜெனோவேவா, "பல்லு விழுந்தப்புறம் பட்டாணி கடிக்கக் கத்துக்கிறீராக்கும்" என்றாள். அப்படிச் சொன்னவள், அவள் பெயரை அடுப்புச் சாம்பலில் நான் எழுதிக் காட்டியதும், அன்று முழுவதும் அந்த இடத்தைப் பெருக்கவில்லை.

உன் வீட்டுக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். தெருவில் மற்ற கூரைகளில் பனி உருகிவிட்டது. கீழே நெருப்பு இல்லாததால் உன் கூரைக் கற்கள் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன. நேற்று அதைக் காஸ்பார் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதற்குப் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

கோவேறுகழுதைக்காரன் டோமே வாசலில் நின்று கத்துகிறான். இந்தக் கடிதம் நாலு கழுதைக்காரர்கள் கைமாறித்தான் உன்னிடம் வரும் என்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை இதை எழுத உட்கார்ந்தேன். இன்று அடுத்த ஞாயிறு.

உன் நலம் கேட்டு ஜெனோவேவாவும் நானும்.

பெல்ஷியோர்

(என் பெயரை மட்டும் நன்றாக எழுதியிருக்கிறேன், பார்.)

போர்ட்டோ
1771 மார்ச் 10

அண்ணாவுக்கு,

தங்கை பிரிட்டெஸ் சொல்ல, மருமகன் செபஸ்தியாவோ எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பிப்ரவரியில் லூசியாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. இனாசியோ என்று பெயர். பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். தாய்க்குத்தான் காய்ச்சல் விடவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

நீயே எழுதினாய் என்பதை நான் முதலில் நம்பவில்லை. மருமகன் மைக்கறையைக் காட்டியபிறகு நம்பினேன். சிறுவயதில் நீ சட்டையில் கஞ்சி சிந்துவதும் இதே இடத்தில்தான்.

கூரையில் புகை வராவிட்டால் காஸ்பாருக்கு மூக்கு வேர்க்கும் என்று எனக்குத் தெரியும். என் புல்வெளிக்கும் அவன் புல்வெளிக்கும் நடுவில் ஒரு கல்வரிசைதானே இருக்கிறது. ஜூன் மாதம் அருளப்பர் திருநாளுக்குள் வந்துவிடுவேன் என்று அந்தப் பன்றியிடம் சொல்.

ஊரை நடத்தும் ஊர்க்கோல் முறைப்படி இந்த வருஷம் அன்செல்மோ வீட்டில்தானே? அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்பி, என் தண்ணீர் முறையைக் கித்தேரியா திருடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். அவளோடு நான் பேசுவதில்லை என்பதற்காக அவள் திருடாமல் இருந்துவிடமாட்டாள்.

(பன்றி என்பதை எழுத வேண்டாம் என்று அத்தை பிறகு சொன்னார். அதற்குள் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளவும். செபஸ்தியாவோ)

உன் முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவு. அண்ணிக்கு என் அன்பு.

பிரிட்டெஸ்

செர்னாதா
ஈஸ்டர் முடிந்த செவ்வாய், ஏப்ரல் 2

தங்கைக்கு,

பேரப்பிள்ளை பிறந்தான் என்று தெரிந்ததும் மணிக்கூண்டில் ஏறி நானே மணியை அடித்துவிட்டேன். ஊர்க்கூட்டம் என்று நினைத்து எல்லோரும் ஓடிவந்தார்கள். பாதியில் விட்ட வேலைக்காகத் திட்டினார்கள். பிறகு செய்தியைக் கேட்டு எனக்கு ஒரு சாடி மது தண்டம் போட்டு, அதை அவர்களே குடித்தார்கள். லூசியாவின் காய்ச்சல்தான் மனதை உறுத்துகிறது. ஜெனோவேவா அவளுக்காகத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

நீ சொன்னதைக் கோல் பிடித்திருப்பவன் காதில் போட்டேன். தூங்குமூஞ்சி என்றதையும் விடவில்லை. அவன் கோபப்படவில்லை, காதைச் சொறிந்துகொண்டான்.

ஊர்க்காளைக்குத் தீனி போடும் முறை உன் வீட்டுக்கு வந்தது. உனக்காக நான் போட்டேன். அது தின்பதைப் பார்த்தால் அடுத்து தேவாலயக் கோபுரத்தையும் தின்னும் போலிருக்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் காஸ்பாரைப் பார்த்தேன். "உன் தங்கச்சி பட்டணத்து ரொட்டி தின்னு பழகிட்டா. இனி நம்ம கறுப்பு ரொட்டி அவளுக்கு இறங்குமா?" என்றான். "அவளுக்கு எது இறங்கும் எது இறங்காதுன்னு அருளப்பர் திருநாளுக்கு அவளையே கேளு" என்றேன். அவன் பல்லைக் காட்டினான். எனக்கு அந்தப் பல் பிடிக்கவில்லை.

இப்போது ஒரே வாரத்தில் ஒரு கடிதம் முடிக்கிறேன். கவனித்தாயா?

நலம் விழையும் அண்ணன்,
பெல்ஷியோர்

போர்ட்டோ
1771 மே 25

அண்ணாவுக்கு,

பிள்ளை நலம். நான் நலம். லூசியா இரண்டு நாள் எழுந்து நடந்தாள், மூன்றாம் நாள் விழுந்தாள்.

அருளப்பர் திருநாளுக்கு வர முடியாது. அறுவடைக்கு வருவேன். வர முடியும் என்று நினைக்கிறேன்.

வேறு என்ன எழுதுவது. கடல் பெரிதாக இருக்கிறது. மீன் நாறுகிறது.

பிரிட்டெஸ்

செர்னாதா
அருளப்பர் திருநாள், ஜூன் 24

தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் சின்னதாக இருந்தது. சின்னக் கடிதம் எழுதும் ஆள் நீ இல்லை. லூசியா எப்படி இருக்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்.

இன்று கூட்டத்தில் காஸ்பார் எழுந்து, "மார்ட்டின் திருநாளைக்கு பிரிட்டெஸ் வீட்டையும் கூப்பிடணும். மூணு தரம். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்றான். அவன் சொன்னது சரிதான் என்பதுதான் எரிச்சல்.

நம் ஊர்ச் சட்டத்தை இதுவரை யாரும் காகிதத்தில் போட்டதில்லை. எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

நவம்பரில், மார்ட்டின் திருநாள் காலையில், தேவாலய முற்றத்தில் ஒவ்வொரு வீட்டையும் கோல் பிடித்தவன் கூப்பிடுவான். அன்று காலை அந்த வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர்தான் அந்த வீட்டின் வாய். அவர் "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அடுப்பு அணைந்தது. அணைந்த வீட்டுக்குக் கூட்டத்தில் பேச்சில்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அதன் புல்வெளி எல்லையை ஒட்டியவனுக்குப் போய்விடும். ஒரு வாய் இரண்டு அடுப்புக்குப் பேசக்கூடாது. கோல் பிடித்தவன் எந்த அடுப்புக்கும் பேசக்கூடாது, பேசும்படி யாரையும் கேட்கவும் கூடாது.

அவ்வளவுதான். காகிதத்தில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது! இதற்காகவா இத்தனை பேர் மண்டை உடைத்துக்கொண்டார்கள்?

அறுவடைக்கு வா. புல் இடுப்பளவு நிற்கிறது.

பெல்ஷியோர்

போர்ட்டோ
1771 ஆகஸ்ட் 5

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நலம் அறிந்து மகிழ்ந்தேன். நான் இங்கேயே இருந்துவிடத் தீர்மானித்துள்ளேன். மகளும் பேரனும் என்னைச் சார்ந்திருக்கிறார்கள். எனக்கு இங்கே சகல வசதிகளும் உள்ளன. புல்வெளி யாருக்குப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. காஸ்பார் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்.

தங்கள் அன்புள்ள,
பிரிட்டெஸ்

செர்னாதா
மாதாவின் பிறந்தநாள், செப்டம்பர் 8

தங்கைக்கு,

காஸ்பார் பார்த்துக்கொள்வாரா?

அந்த வரியை நான் நாலு முறை படித்தேன். எழுத்தை நான்தான் தப்பாகக் கூட்டுகிறேனோ என்று பாதிரியாரிடம் காட்டினேன். அவரும் அப்படித்தான் படித்தார். ஜெனோவேவாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது அவ பேச்சு இல்ல. அவ வாய்க்குப் பூட்டுப் போட்டு யாரோ பேசியிருக்காங்க" என்றாள்.

மாப்பிள்ளை, இதையும் நீதானே அவளுக்குப் படித்துக் காட்டுகிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் அதைச் சொல்லும்போது லூசியா அந்த அறையில் இருந்தாளா? அழுதுகொண்டிருந்தாளா?

பிரிட்டெஸ், நீ அங்கேதான் இருக்கவேண்டும் என்றால் இரு. மகளைவிடப் புல் பெரிதில்லை. ஆனால் வருத்தமில்லை என்று எனக்கு எழுதாதே. என்னை ஏமாற்ற உனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

உன் புல்லை நானும் ஜெனோவேவாவும் அறுத்து உன் கொட்டகையில் போட்டோம். நல்ல புல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெல்ஷியோர்

செர்னாதா
1771 அக்டோபர் 10

தங்கைக்கு,

பதில் வரவில்லை. ஆற்றில் வெள்ளம், டோமேயும் தாமதம். அதனால் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊர்க்கோல் அன்செல்மோவிடம் இல்லை. நீ மலையிறங்கிப் போன மறுநாளே அவன் களஞ்சியத்து ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். தவறிய வீடு அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். கோல் அடுத்த வீட்டுக்கு வந்தது. அடுத்த வீடு எது என்று உனக்குத் தெரியும்.

நீ தூங்குமூஞ்சி என்றபோது காதைச் சொறிந்தது நான்தான்.

எழுத்துப் படித்ததும் இதனால்தான். பிரகான்சா நகரத்து அதிகாரிகளிடமிருந்து காகிதங்கள் வருகின்றன. இதுவரை கோல் பிடித்தவர்கள் எல்லோரும் என்ன என்றே தெரியாமல் கீழே சிலுவைக்குறி போட்டார்கள். எனக்கு அது மானக்கேடாக இருந்தது.

ஏன் மறைத்தேன் தெரியுமா? நான்தான் என்று தெரிந்தால் "அண்ணா, பார்த்துக்கொள்" என்று ஒரு வரி எழுதுவாய். நீ எழுதினால் நான் பார்த்துக்கொள்வேன். அதற்கப்புறம் அந்த முற்றத்தில் கோலை எந்த முகத்தோடு ஊன்றுவது?

வரும் மார்ட்டின் திருநாளில் உன் வீட்டை மூன்று முறை கூப்பிட வேண்டியது நான். அணைந்தது என்று சொல்ல வேண்டியதும் நான். உனக்காகப் பேசும்படி ஜெனோவேவாவைக்கூட நான் கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் வாய் எங்கள் அடுப்புக்கே போய்விடும்.

வா என்று நான் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. வேறு யாரோ மூலம் இது உன் காதுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்.

லூசியாவுக்கும் பிள்ளைக்கும் என் ஆசி.

பெல்ஷியோர்

செர்னாதா
1771 நவம்பர் 12

தங்கச்சி!

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைக் கேள். உன் அடுப்பு இருக்கிறது.

நேற்று விடிந்ததும் மணி அடிக்கப் போனேன். முந்திய இரவு நான் தூங்கவில்லை. கோயில் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் உன் கூரையில் புகை! கல் இடுக்கெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. நீ வந்துவிட்டாய் என்று நினைத்து, மணிக்கயிற்றை விட்டுவிட்டு இந்த நோகும் முழங்காலோடு ஓடினேன். கதவு கட்டவிழ்ந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் கங்கு மட்டும். காஸ்பார்தான் ஏதோ சூது செய்கிறான் என்று எண்ணிக்கொண்டு திரும்ப ஏறினேன். மணி அன்று தாமதம். அதற்கு எனக்குத் தண்டம்.

எல்லோரும் கூடினார்கள். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு ஜெனோவேவா பதில் சொன்னாள். அடுத்தது உன் வீடு.

"பிரிட்டெஸின் வீடு!"

காஸ்பார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிட்டெஸின் வீடு!"

கித்தேரியா இருமினாள். வேறு ஒன்றும் இல்லை. மூன்றாவதாகக் கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"சத்தமா, கோல்காரரே! காதுல விழல" என்றான் காஸ்பார்.

கூப்பிட்டேன்.

"இருக்கு!" என்றாள் கித்தேரியா.

அவள் வாய் மூடுவதற்குள், "இருக்கு!" என்றான் கொல்லன் ஷிமாவோ.

பெண்கள் பக்கமிருந்து இன்னொரு குரல். "இருக்கு, இருக்கு!" யார் என்று நினைக்கிறாய்? காஸ்பாரின் மனைவி ரொசெண்டா!

"ஏய்! உனக்கு அங்க என்னடி வேலை?" என்று கத்தினான் காஸ்பார்.

"கஷ்கொட்டை அவிச்சேன். தின்னேன். நல்லா இருந்துச்சு."

"அந்தப் புல்வெளி நமக்கு வர்றதுடி, புத்திகெட்டவளே!"

"வரும். அறுக்கிறது யாரு? கட்டுறது யாரு? சுமக்கிறது யாரு? உமக்குப் புல்லு, எனக்கு முதுகுவலி. இருக்கிறதே போதும்யா."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்துவிட்டன.

கித்தேரியா முன்னால் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அவ மேல எனக்குப் பாசம்னு ஒருத்தரும் நினைச்சுராதீங்க. எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே கிடையாது. அந்தப் புல்வெளி போனா மடை மொத்தமும் காஸ்பார் கைக்குப் போயிரும். பிரிட்டெஸ் திருடினா பாதித் தண்ணி திருடுவா. இவன் வாய்க்காலையே சுருட்டிட்டுப் போயிருவான்."

"உனக்கு என்னடா வந்துச்சு?" என்று ஷிமாவோவைக் கேட்டான் காஸ்பார்.

"எனக்கா? ஒரு வீடு குறைஞ்சா காளைக்குத் தீனி போடுற முறை எனக்கு முன்னாடியே வந்துரும். அது தின்கிறதப் பாத்திருக்கியா நீ? ஒரு கட்டுப் புல்லு அதுக்குப் பல்லு இடுக்குக்குக்கூடக் காணாது."

மூன்று பேருக்கும் மற்ற இருவர் போனது தெரியாது! இருட்டு விலகுமுன் முதலில் போனவள் ரொசெண்டா. ஷிமாவோ போனபோது சாம்பல் சூடாக இருந்ததாம். "அவ அடுப்பும் அவள மாதிரிதான், அணையாம முணுமுணுத்துக்கிட்டே கிடக்கும்னு நெனச்சேன்" என்றான். அதில் தொத்திறைச்சி வாட்டித் தின்றிருக்கிறான். கடைசியாகக் கித்தேரியா கூழ் காய்ச்சியிருக்கிறாள். அவரவர் வீட்டு அடுப்புக்குப் பேச வீட்டில் ஆள் இருந்ததால் மூவரின் வாயும் சும்மாதான் இருந்திருக்கிறது. பிறகு ஏன் முதல் இரண்டு கூப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை? நல்லவர்கள் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம். வேறு யாராவது முந்திக்கொள்ளட்டும் என்று மூவரும் காத்திருந்திருக்கிறார்கள்.

காஸ்பார் விடுவானா? "ஒரு அடுப்புக்கு ஒரு வாய்தான்! மூணு வாய் எந்தச் சட்டத்துல இருக்கு? கோல்காரரே, சொல்லும்!"

என்னைக் கேட்டுவிட்டான். கேட்டால் பதில் சொல்லலாம்.

"பிரிட்டெஸ் ஒருத்தி இருந்தப்பவே அந்த வீட்டுக்கு மூணு வாய்தான், காஸ்பார்" என்றேன்.

அதோடு முடிந்தது. கூட்டத்தில் மனைவியைத் திட்டியதற்காகக் காஸ்பார் ஒரு சாடி புது மது கொடுத்தான். கஷ்கொட்டை சுட்டுக் குடித்தோம். இரண்டாம் கோப்பைக்கு அவனே சிரித்துவிட்டான். அந்தப் பல் அன்று அவ்வளவு மோசமாக இல்லை.

ஆகவே, பிரிட்டெஸ், நீ அவசரப்பட வேண்டாம். லூசியா தேறும்வரை இரு. இன்னும் ஓராண்டுக்கு உன் வீட்டை யாரும் அசைக்க முடியாது. நேற்று இரவு நான் மரக்கட்டை போலத் தூங்கினேன். ஜெனோவேவா மூக்கில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

எல்லோரும் சுகம். எல்லோரும் சுகம்!

பெல்ஷியோர்

போர்ட்டோ
1771 நவம்பர் 28

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

செபஸ்தியாவோ வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் இன்று வந்தது. லூசியாவுக்குப் படித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

அத்தை இங்கே இல்லை.

நீங்கள் கேட்டது சரி. ஆகஸ்டில் அந்த வார்த்தைகளை அத்தை சொன்னபோது லூசியா கட்டிலில் அழுதுகொண்டிருந்தாள். "நாகரிகமா எழுது, என் பேச்சு மாதிரி எழுதாத. அண்ணன் கண்டுபிடிச்சுருவான்" என்று அத்தைதான் சொன்னார்.

தங்கள் அக்டோபர் கடிதம் நவம்பர் இரண்டாம் தேதி, சகல ஆத்துமாக்கள் திருநாளன்று வந்தது. நான் உரக்கப் படித்தேன். கோல் தங்கள் கையில் என்ற இடம் வந்ததும் அத்தை எழுந்து நின்றார். "என் வீட்டை என் அண்ணன் வாயால அணைக்க விடமாட்டேன்" என்றார். லூசியா இப்போது நன்றாக நடக்கிறாள். அன்று அவளே ரொட்டியும் மீனும் கட்டிக்கொடுத்து, "போம்மா, நான் நின்னுக்குவேன்" என்றாள். மறுநாள் காலையில் மலைக்குப் போகும் கழுதைக்காரர்களோடு அத்தை கிளம்பினார். மார்ட்டின் திருநாளுக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அவர் வந்ததாகத் தாங்கள் எழுதவில்லை. மராவோ கணவாயில் பனி என்று இங்கே சொல்கிறார்கள். லூசியா வாசலை விட்டு நகர மறுக்கிறாள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

செபஸ்தியாவோ

செர்னாதா
1771 டிசம்பர் 5

மாப்பிள்ளைக்கும் லூசியாவுக்கும்,

அம்மா நேற்று வந்து சேர்ந்தாள். முழுசாக வந்தாள். டோமே கழுதை மேல் உட்கார்ந்துவிட்டான், இந்தக் காகிதத்தைக் கேட்கிறான். அதனால் வேகமாக எழுதுகிறேன், எழுத்து ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மராவோ கணவாய் பனியில் அடைபட்டு, சத்திரத்தில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. சத்திரக்காரி கொடுத்த ரசம் தண்ணீராக இருந்தது என்று இன்னும் திட்டுகிறாள். ஆகவே நலம் என்று எழுதுகிறேன்.

திருநாள் தப்பிவிட்டது, வீடு போய்விட்டது என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். என் வீட்டுக்கு வர வெட்கப்பட்டு நேரே தன் கதவைத் தள்ளியிருக்கிறாள். உள்ளே நெருப்பு எரிகிறது. பக்கத்தில் கித்தேரியா குந்தியிருக்கிறாள். கூட்டம் முடிந்து இத்தனை நாளாகியும், "சும்மா விட்டா சுவத்துல ஈரம் ஏறிரும்" என்று தினமும் வந்து மூட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சில்லாத இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம்.

"விறகு அதிகமா போட்டிருக்க" என்றாளாம் உன் அம்மா.

"உன் விறகு இல்ல, என் விறகு" என்றாளாம் கித்தேரியா.

அதன்பிறகு விடியும்வரை பேசினார்கள். நான் போனபோது இரண்டு பேருக்கும் குரல் கட்டியிருந்தது.

இப்போது என் பின்னால் நிற்கிறாள். நன்றாக நட, பிள்ளைக்குக் காதில் எண்ணெய் விடு என்கிறாள்.

மாமா பெல்ஷியோர்

செர்னாதா
1772 ஜனவரி 1

அன்புள்ள லூசியாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

புத்தாண்டில் உங்கள் மூவருக்கும் நல்ல ரொட்டியும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும். மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. என் கடிதமும் இதற்குள் உங்களுக்குக் கிடைத்து, வாசலை விட்டு நகர்ந்திருப்பாய் லூசியா.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் குளிருக்குக் காலை உதைத்துக்கொண்டு நின்றோம். ஷிமாவோ விரல் மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தினான்.

"இந்த வருஷம் கோல் பெல்ஷியோர் வீடு. அப்போ அடுத்த வருஷம்..."

எல்லோரும் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்செல்மோ ஏணியிலிருந்து விழாமல் இருந்திருந்தால் அவள் முறை இன்னும் ஓராண்டு தள்ளி வந்திருக்கும். யாருக்கும் அது தோன்றவே இல்லை, எனக்கும்தான். அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிக் கோல் அடுத்ததற்குப் போயிருக்கும். அணையவிடாதவர்கள் மூன்று பேர் பேயறைந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அட ஆண்டவரே, நாம என்னத்தப் பண்ணித் தொலைச்சோம்!" என்றாள் கித்தேரியா.

"காப்பாத்துனீங்கல்ல? அனுபவிங்க" என்றாள் உன் அம்மா.

பெண் கையில் கோல் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. இருக்கக்கூடாது என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை. காஸ்பார் நெடுநேரம் யோசித்துப் பார்த்தான். பிறகு தன் பங்குக் கல்வரிசையை ஒழுங்குபடுத்தப் போய்விட்டான்.

இன்று காலை கோலைக் கொடுக்கும் நாள். அதற்கு முன் அவள் வீட்டில் முட்டைக்கோஸ் ரசமும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டேன். "கோல் குடுக்கப் போறவன் வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று ஊற்றினாள். முற்றத்தில் கோலைக் கொடுத்தேன். தடிமன் சரியா என்று தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். புதிதாகக் கோல் வாங்கியவர் எல்லா வீட்டையும் ஒருமுறை கூப்பிட வேண்டும். நல்ல குரல் அவளுக்கு. பக்கத்து ஊர் வீடுகளும் பதில் சொல்லியிருக்கும்.

வரிசையில் அவள் வீடு வந்தது.

"பிரிட்டெஸின் வீடு!" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அவள் வீட்டில் அவள் ஒருத்திதான். கோல் பிடித்தவள் தன் அடுப்புக்குப் பேசக்கூடாது. கித்தேரியா என்னைப் பார்த்தாள். ஷிமாவோ என்னைப் பார்த்தான். எதற்கு என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. என் கை வெறுங்கை. காலையில் நான் தின்ற ரொட்டி அவள் ரொட்டி. எங்கள் வீட்டுக்கு ஜெனோவேவா ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாள்.

"இருக்கு!" என்றேன்.

இத்தனை வயதில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. தொழுவத்திலிருந்து ஊர்க்காளை தலையைத் தூக்கிப் பார்த்தது.

"காது செவிடு இல்ல, அண்ணா" என்றாள் உன் அம்மா. உடனே அடுத்த வீட்டைக் கூப்பிட்டுவிட்டாள். ஆனால் அந்த வீட்டின் பெயரை அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பனி உருகியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நாங்கள் எல்லோரும் சுகம்.

தாய்மாமன்,
பெல்ஷியோர்